சன்டெக் கூட்டமும் சிம் லிம் மாடிகளும்

சிங்கப்பூரில் மின்னணுப் பொருள்கள் மேல் ஆசை உள்ளவர்களுக்குப் பொங்கல், தீபாவளி தவிர இன்னும் நான்கு பண்டிகைகள் இருந்தன, எல்லாம் மின்னணு விற்பனைக் காட்சிகள். மார்ச்சில் ஐடி ஷோ, ஜூனில் பிசி ஷோ, செப்டம்பரில் காமெக்ஸ், நவம்பரில் சைடெக்ஸ். பெரும்பாலும் வியாழனன்று தொடங்கி ஞாயிறு இரவு முடியும். மடிக்கணினி மக்கர் பண்ண ஆரம்பித்தால்கூட, "கொஞ்சம் பொறு, காமெக்ஸ் வரட்டும்" என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் எங்கள் அடுக்குமாடியிலேயே இருந்தன. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

சன்டெக் சிட்டியில் காட்சி நடக்கிற நாளில், சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிடும். சிட்டிலிங்க் நிலத்தடி வழியில் எதிரே வருகிறவர்கள் கையில் ஆளுயரப் பிளாஸ்டிக் பைகள். மடக்குத் தள்ளுவண்டியில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிய பிரிண்டர் பெட்டிகள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வரும் தொலைக்காட்சி. உள்ளே நுழைந்தால் ஏசியையும் மீறின புழுக்கம். ஒரே நிற டி-சட்டை போட்ட பிள்ளைகள் மைக்கைப் பிடித்து மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கூவுவார்கள். துண்டுப் பிரசுரத்தை நம் கையில் திணிக்காமல் யாரும் விடமாட்டார்கள்.

எனக்கு அந்தத் துண்டுப் பிரசுரங்கள்தான் முக்கியம். வியாழக்கிழமை வேலை முடிந்து போனால் எதையும் வாங்குவதில்லை. ஒவ்வொரு கடையிலும் தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சாப்பாட்டு மேசையில் பரப்பி, பேனாவோடு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒரே பெயரில் நான்கு மடிக்கணினிகள் இருக்கும். மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மாறும். அந்த இரண்டு எழுத்துக்குள்தான் விலை வித்தியாசத்தின் காரணம் ஒளிந்திருக்கும். ஒன்றில் நினைவகத்தை மாற்றிப் போட இடம் இருக்கும், இன்னொன்றில் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். ஒன்றின் திரை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத் தொகுப்பை முழுதாகக் காட்டும், இன்னொன்று நிறம் செத்துப்போன மலிவுப் பலகையாக இருக்கும். தாளில் இரண்டுக்குமே "15.6 அங்குலம், ஃபுல் எச்டி" என்றுதான் போட்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் காட்சிக்குத்தான் போக வேண்டும். மலிவான டிஎன் பலகையாக இருந்தால், திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்ததுமே நிறங்கள் வெளுத்து, கறுப்பு சாம்பலாகி, முகங்கள் படச்சுருள் நெகட்டிவ்போல மாறும். நல்ல ஐபிஎஸ் பலகை எந்தக் கோணத்திலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அப்புறம், விசைப்பலகையின் நடுவில் ஜி, எச் விசைகளுக்கு இடையே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கிக் குழிந்தால் உள்ளே சட்டம் மெலிசு. மூடியை ஓர் ஓரத்தில் மட்டும் பிடித்துத் திறந்தால் கீல் எப்படிப்பட்டது என்று புரியும். வெள்ளிக்கிழமை மதிய உணவு இடைவேளை இதற்கெல்லாம் தோதான நேரம். கூட்டம் குறைவு, விற்பனைப் பிள்ளைகளுக்கும் பதில் சொல்லப் பொறுமை இருக்கும்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்சி விலை எப்போதுமே கடை விலையைவிடப் பெரிய அளவில் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. கூடச் சேர்த்துத் தரும் பொருள்களில்தான் சாமர்த்தியம். தோள்பை, மவுஸ், பென் டிரைவ், மூன்றாண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள், இதையெல்லாம் கூட்டி "இவ்வளவு வெள்ளி மதிப்புள்ள இலவசம்" என்று எழுதிப்போடுவார்கள். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அந்தப் பையை நாம் காசு கொடுத்து வாங்குவோமா என்று கேட்டுப் பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும். "பையும் மவுஸும் வேண்டாம், அதற்குப் பதிலாக இன்னொரு 8 ஜிபி நினைவகம் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டால், முதல் நாள் தலையாட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கேட்டால் மேலாளரைக் கூப்பிடுவார்கள். பிரித்துக் கட்ட வேண்டிய சரக்கு குறையட்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. பார்வைக்கு வைத்த செட்டுகளையும் அந்த நேரத்தில்தான் தள்ளிவிடுவார்கள். நான்கு நாள் எரிந்த திரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அந்தக் காட்சிகள் வருஷத்தில் நான்கு தடவைதான் வந்தன. மற்ற நாள்களுக்கு சிம் லிம் சதுக்கம்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரம். ரோச்சோர் கால்வாய் ஓரம், மின்னணுக் கடைகள் நிறைந்த ஆறு மாடிக் கட்டடம், 1980களின் கடைசியில் வந்தது. 2015 டிசம்பரில் ரோச்சோர் எம்ஆர்டி நிலையம் திறந்த பிறகு போவது இன்னும் சுலபமாகிவிட்டது. சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்க வந்த குடும்பத்தை முஸ்தபா பேரங்காடியில் விட்டுவிட்டு இங்கே ஒதுங்கும் தமிழ்க் குடும்பத்தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேல் மாடிகளில் அடையாளம் தெரிந்தவர் ஒருவராவது எதிரே வந்து, "என்ன, கிராபிக்ஸ் கார்டா?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கெட்ட பேரும் உண்டு. 2014இல், வியட்நாமிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு கடையில் 950 வெள்ளிக்கு ஐபோன் வாங்கினார். பணம் கட்டிய பிறகு வாரண்டிக்கு என்று இன்னும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அவர் மண்டியிட்டு அழுது பணத்தைத் திருப்பிக் கேட்ட காணொளியை ஊரே பார்த்தது. கடைக்காரர் பிறகு சிறைக்குப் போனார். கீழ்த் தளங்களில், விலை ஒட்டாத கைப்பேசிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு, போகிற வருகிற வெளிநாட்டுக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்ட சில கடைகள் செய்த வேலை அது. மேல் மாடிகளில் இருபது வருஷத்துக்கும் மேலாக நாணயமாகத் தொழில் செய்தவர்கள் அதற்கும் சேர்த்துத் தலைகுனிய வேண்டியதாயிற்று. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஏனென்றால் நான் கணினி கற்றுக்கொண்டது அந்த மேல் மாடிகளில்தான். அங்கே கடைகளின் முகப்பில் விலைப்பட்டியல் அடுக்கிவைத்திருப்பார்கள். ஏ4 தாள், இரண்டு பக்கமும் எறும்பு எழுத்து. செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி, பெட்டி என்று பத்தி பத்தியாக. விலை ஏறி இறங்குவதால் தாளின் மேலே தேதி போட்டிருக்கும். அதை எடுத்து வேண்டியதை வட்டமிட்டுக் கொடுத்தால், கல்லாவில் இருக்கும் அங்கிள் ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, "எதுக்கு இது?" என்பார். விளையாடவா, படம் வெட்டி ஒட்டவா, பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கா? பதிலைக் கேட்டதும் பேனாவை வாங்கி இரண்டு வரிகளை அடித்துவிடுவார். "இந்தத் தாய்ப்பலகை உனக்கு வேண்டாம், இதிலிருக்கும் எதையும் நீ பயன்படுத்தப் போவதில்லை. அந்தக் காசை மின்வழங்கியில் போடு." விற்கிறவர் தன் வாயாலேயே லாபத்தைக் குறைத்துக்கொண்டு சொன்ன பேச்சு அது.

மின்வழங்கியைப் பற்றி அவர் சொன்னது இன்னும் மறக்கவில்லை. பெட்டியில் 600 வாட் என்று போட்டிருந்தால் போதாது, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் படி என்றார். செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மட்டமான சரக்கில் மொத்த வாட் பெரிதாக இருக்கும், 12 வோல்ட் பங்கு சொற்பமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றையும் நல்லதொன்றையும் இரண்டு கையிலும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. உள்ளே இருக்கும் மின்மாற்றியும் வெப்பம் கடத்தும் அலுமினியமும் தரும் எடை.

எதிரே சிம் லிம் டவர். அங்கே போகிறவர்கள் வேறு ரகம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரிலே, பற்றவைப்புக் கோல், ஒயர் சுருள். பல்தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் செயல்திட்டத்துக்காக ஒரு சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தது. தார்ப்பாய் விரித்துப் பழைய வானொலி, கேசட் ரிக்கார்டர், எங்கேயும் கிடைக்காத அடாப்டர் எல்லாம் வைத்திருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். புதியது வாங்க ஒரு கட்டடம், உதிரி வாங்க ஒரு கட்டடம், பழசுக்கு ஒரு தெரு என்று எல்லாமே நடைதூரத்தில் இருந்த பேட்டை அது. ஒரு கருவியின் முழு ஆயுளையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். கருவிகளோடு வாழ்வது என்பது பெரும்பாலும் சார்ஜரோடும் கேபிளோடும் வாழ்வதுதான். புதுக் கைப்பேசி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி போன்ற சிறு கருவிகளுக்கு யூஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கியது. ஆப்பிளும் 2023இலேயே ஐபோன் 15இல் மாறிவிட்டது. நல்ல காரியம். ஆனால் துளை ஒன்றானதும் எல்லாக் கேபிளும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டோடு பெருக்கினால் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அந்தக் கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. "நீ எவ்வளவு தாங்குவாய்?" என்று சார்ஜர் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் மின்சாரத்தை ஏற்றும். பதில் வரவில்லையென்றால் 60 வாட்டோடு நின்றுவிடும். 2021இல் வந்த விதிப்படி 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை இதே துளையில் போகலாம். ஆக, 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டு, மடிக்கணினி மெதுவாக ஏறுகிறதே என்று கடையில் சண்டை போடுவதற்கு முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: வேகமாக மின்னேற்றும் கேபிள் தரவையும் வேகமாகக் கடத்தும் என்பதில்லை. கைப்பேசியோடு வருகிற கேபிள்கள் பல யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 480 மெகாபிட். கல்யாண வீட்டுக் காணொளி மொத்தத்தையும் அதில் மாற்ற உட்கார்ந்தால் ராத்திரி ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் வெள்ளை டேப் சுற்றி, எத்தனை வாட், எந்த வருஷம் என்று எழுதியிருக்கும். சார்ஜர்களின் வயிற்றில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட் என்று வாய்க்கணக்காகச் சொல்வாள். பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்றும் பார்ப்பாள். சிங்கப்பூரில் அடாப்டர் விற்க அந்தக் குறி வேண்டும். இணையத்தில் எங்கிருந்தோ வருகிற மூன்று வெள்ளி சார்ஜரில் அது இருக்காது. படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கச் சொருகியிருக்கும் பொருளில் மூன்று வெள்ளி மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

பவர் பேங்க் கணக்கும் அப்படித்தான். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெட்டியில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு. பெருக்கினால் 74 வாட் மணி. நம் கைப்பேசிக்கு 5 வோல்ட்டில் கொடுக்கும்போது அதே ஆற்றல் 14,800 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகப் போவது தனி. "ஏமாத்திட்டாங்க" என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை, கணக்கே அப்படி. ஊருக்குப் பறக்கிறவர்களுக்கு அந்த வாட் மணி எண்தான் தேவை. 100 வாட் மணி வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகலாம். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்சிலும் ஸ்கூட்டிலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவும் தடை, அதற்கு மின்னேற்றவும் தடை. திருச்சி விமானத்தில் இந்த அறிவிப்பு வரும்போது பாதிப் பேர் பையைத் துழாவுவார்கள். ஏறுவதற்கு முன்பே கைப்பேசியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஊர் என்றதும் மச்சான் ஞாபகம் வருகிறார். புதுக்கோட்டையிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "மாப்ள, அங்க இந்த ஃபோன் என்ன வெலைக்குப் போவுது?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. சிங்கப்பூர்க் கடைகளில் ஒரே கைப்பேசிக்கு இரண்டு விலை உண்டு. லோக்கல் செட், எக்ஸ்போர்ட் செட். லோக்கல் செட் இங்குள்ள விநியோகஸ்தர் வழியாக வருவது, இங்கே வாரண்டி. எக்ஸ்போர்ட் செட் வேறு நாட்டுக்கு என்று தயாரானதைக் கடைக்காரர் தானே இறக்கியது. விலை குறையும், பழுதானால் கடைக்காரர்தான் கதி. மச்சான் அதை ஊரில் பயன்படுத்தப் போகிறார் என்றால் இரண்டு வாரண்டியும் அவருக்கு அவ்வளவாக உதவாது. இந்தியாவில் அந்த நிறுவனம் வெளிநாட்டுச் செட்டைக் கையில் வாங்குமா, அங்குள்ள 5ஜி அலைவரிசைகள் அந்த மாடலில் இருக்கின்றனவா, இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பல தடவை, "மச்சான், அங்கேயே வாங்கிடுங்க, வித்தியாசம் பெருசா இல்ல" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இங்கே 9 சதவீதம் பொருள் சேவை வரி வேறு. மடிக்கணினி என்றால் கதை வேறு. பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வை இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம். அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்தபோது அப்படித்தான் ஒன்று போய்ச் சேர்ந்தது.

காட்சியிலும் கடையிலும் நான் விடாமல் செய்கிற சோதனை ஒன்று உண்டு. பார்வைக்கு வைத்திருக்கும் கைப்பேசி எதுவானாலும் எடுத்துத் தமிழில் தட்டுவேன். "கொள்கை", "மௌனம்", "ஸ்ரீ". 2010 வாக்கில் பல ஆண்ட்ராய்டு கருவிகளில் வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்து வந்த கருவிகளிலும் ஒற்றைக்கொம்பு இடம் மாறிக் "க"வுக்குப் பின்னால் தனியாக நிற்கும். பெரிய நிறுவனத்தின் சாவடியில், மினுமினுக்கும் விளக்குக்குக் கீழே, நம் எழுத்து அப்படிக் குலைந்து கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். விற்பனைப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்தப் பிள்ளை என்ன செய்ய முடியும்? இருந்தாலும், யாரோ ஒருவர் கேட்டார் என்பது எங்காவது மேலே போய்ச் சேரட்டும் என்று நினைப்பேன்.

இது சிங்கப்பூரில் வாழ்கிறவர்களுக்கு உரிமைப்பட்ட கவலையும்கூட. தமிழை இணையத்தில் ஏற்றிய தொடக்க வேலைகளில் முக்கியமானவை இந்த ஊரில் நடந்தன. நா. கோவிந்தசாமி 1990களின் நடுவில் கணியன் என்ற பெயரில் செய்த பணிகளை இங்கே கணினி தொட்ட தமிழாசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கைப்பேசித் தமிழ் மென்பொருள் 2005இல் இங்கேதான் அறிமுகமானது. பொத்தான் வைத்த கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பிய நாளின் சந்தோஷம் பெரிது. இப்போது கைப்பேசிகளில் தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது. பேசினால் தட்டச்சாகிறது. மலிவான கைக்கடிகாரங்களில் மட்டும் இன்னும் தகராறு. அம்மா தமிழில் அனுப்பிய செய்தி மணிக்கட்டில் கட்டம் கட்டமாக வரும். அதனால் கடிகாரம் வாங்கப் போனால், கடையிலேயே என் கைப்பேசியோடு இணைத்து, எனக்கு நானே தமிழில் ஒரு செய்தி அனுப்பிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை.

இயர்போன் எனும் காதணிபேசிகளுக்கும் இதேபோல ஒன்று. கடைக்காரர்கள் ஓட்டிக் காட்டும் பாட்டில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும், அடிநாதம் தூக்கலாக வைத்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நான் நாதஸ்வரமும் தவிலும் உள்ள கோயில் பதிவு ஒன்றை வைத்திருக்கிறேன். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி மட்டமான காதணிபேசியில் காதைக் குத்தும். தவிலின் வலந்தலையில் விழும் விரல்கூட்டின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்ந்து கொழகொழத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒலி என்று வந்தால் கிரியேட்டிவ் என்ற சிங்கப்பூர் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே சிறிய கடையாகத் தொடங்கியது. 1989இல் கணினிக்குள் சொருகும் அவர்களுடைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலான பிசிக்கள் பீப் பீப் என்றுதான் கத்தும். அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் 1992இல் இடம்பெற்றது, சிங்கப்பூர் நிறுவனங்களில் அதுதான் முதல். கையடக்க இசைப்பான் காப்புரிமை வழக்கை முடித்துக்கொள்ள 2006இல் ஆப்பிள் அவர்களுக்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. காட்சிகளில் அவர்கள் சாவடிக்குப் போனால் என்னவோ சொந்தக்காரர் கடைக்குப் போன உரிமை வந்துவிடும். 2023 ஜனவரி 4ஆம் தேதி சிம் வோங் ஹூ இறந்தபோது, என் பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் சிஇஎஸ் என்ற பெரிய மின்னணுக் காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஊருக்கும் நமக்கும் பதினாறு மணி நேர வித்தியாசம். அங்கே காலை எட்டு மணி அறிவிப்பு என்றால் இங்கே நள்ளிரவு. ஜனவரி முதல் வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு அணைவதில்லை. அங்கே காட்டுவதில் பாதி கடைக்கே வராது. ஆனாலும் எந்தத் துளை போகிறது, எந்தத் திரை மலிவாகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது வாங்குவது பெரும்பாலும் இணையத்தில். 9.9, 11.11 என்று தேதியே தள்ளுபடியாகிவிட்டது. காட்சிகள் முன்புபோல இல்லை. சிம் லிம்மிலும் மூடிய கதவுகள் தெரிகின்றன. நானும் இணையத்தில் வாங்குகிறேன், விலை ஒப்பிட அதைவிட வசதி வேறில்லை. 2023 முதல் 400 வெள்ளிக்குட்பட்ட வெளிநாட்டுச் சரக்குக்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டதால் அந்த மிச்சமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. என் ஏக்கம் விலையைப் பற்றியது இல்லை. "எதுக்கு இது?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பொருள் கைக்கு வந்த அன்றைக்கே போட்டிருப்பார்கள். ஓராண்டு கழித்துக் கீல் என்ன ஆனது என்று யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை. மேல்மாடி அங்கிளுக்கு அது தெரியும். பழுதானது எல்லாம் அவர் கல்லாவுக்குத்தான் திரும்பி வரும்.

பழுதைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2012 செப்டம்பர் முதல் இங்கே எலுமிச்சைச் சட்டம் என்று எல்லாரும் சொல்லும் விதி இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஒரு கடையில், பெயர் வேண்டாம், மூன்றாம் மாதமே ஒரு பக்கம் ஊமையான காதணிபேசியை எடுத்துப்போனபோது, "ஏழு நாள்தான் மாற்றித் தருவோம்" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். இந்தச் சட்டத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து புதிது கொடுத்தார்கள். ரசீதை எப்போதும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும்.

பழுதே ஆகாமல் செத்துப்போகிற கருவிகளும் உண்டு. 2017 ஏப்ரலில் 2ஜி நின்றது. 2024இல் 3ஜியும் போயிற்று. என் அப்பா வைத்திருந்த பொத்தான் கைப்பேசி இன்றும் ஒளிரும், மின்னேறும், கடிகாரம் சரியாக ஓடும். சிக்னல் மட்டும் எந்நாளும் வராது. அதில் ஒரு குறையும் இல்லை. இந்த விஷயம் எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. 2021 ஜூலை முதல் பெரிய மின்னணுக் கடைகள் பழைய கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி வந்த பிறகு, பழுதான சார்ஜர், வீங்கின மின்கலம் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. அப்பாவின் கைப்பேசி மட்டும் போகவில்லை.

இந்த டிசம்பர் விடுமுறைக்கு மகள் தன் முதல் கணினியைத் தானே கோக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பட்டியலை அவளே எழுதிவிட்டாள். சிக்கல் நினைவகத்தில். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து நினைவக விலை தாறுமாறாக ஏறிவிட்டது. உட்லண்ட்ஸ் பக்கம் பெரிய ஆலைகள் வைத்திருக்கும் மைக்ரானே, எங்களைப் போன்றவர்கள் வருஷக்கணக்காக வாங்கிய குருஷியல் பெயரில் சில்லறை வியாபாரம் இனி இல்லை என்று 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அவள் வட்டமிட்ட டிடிஆர்5 என்ற புதுவகை நினைவகத்தின் விலையைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாடிக்கு அழைத்துப்போனேன். அங்கிள் இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டார், மகன்தான் கல்லாவில். தாளைப் பார்த்துவிட்டு அவனும் நிமிர்ந்து, "எதுக்கு இது?" என்றான். மகள் விவரமாகச் சொன்னாள். முப்பரிமாண வரைகலை, பள்ளிக் காணொளி, கொஞ்சம் விளையாட்டு. வீட்டில் என் பழைய கணினியில் 32 ஜிபி டிடிஆர்4, அதாவது முந்தைய வகை நினைவகம், சும்மா கிடக்கிறதே, அதையே போட்டால் எந்தத் தாய்ப்பலகை எடுக்க வேண்டும், எவ்வளவு வேகம் குறையும் என்று அவளே திருப்பிக் கேட்டாள். அவன் பேனாவை எடுத்தான். இருவரும் அரை மணி நேரம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மின்வழங்கி வரிக்கு வந்ததும், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். சாமான்கள் சனிக்கிழமை வருகின்றன.